வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அரசு உதவித்தொகை கிடைக்குமா? எப்படி விண்ணப்பிப்பது?

தனியார் கம்பெனியில் ஆள்குறைப்பில் நிறுத்திவிட்டார்கள், அரசாங்கத்திடமிருந்து ஏதாவது பணம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசு காப்பீட்டுப் பணம், பிடித்தார்களா என்று எழுதவில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் பெரும்பாலும் பிடித்திருப்பார்கள். பிடித்தார்கள் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? இன்னும் இல்லையென்றால் தயவுசெய்து போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தேன். 2020 ஊரடங்கு முடிந்து திறந்தபோது ஆர்டர் பாதிகூட இல்லை. எங்கள் செக்‌ஷனில் இருந்தவர்களை ஒவ்வொருவராக எச்.ஆர். ரூமுக்குக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் ஒரே மாதிரி அச்சடித்த தாள்கள் அடுக்கி வைத்திருந்தன. சொந்தக் காரணங்களுக்காக வேலையை விட்டு விலகுகிறேன் என்று அதில் இருந்தது. பேருக்கும் தேதிக்கும் மட்டும் இடம் விட்டிருந்தார்கள். எச்.ஆர். பையன் நல்ல பையன்தான், என் தம்பி வயசு. பேனாவை நீட்டி, "அக்கா, இதுல ஒரு சைன் போட்டுடுங்க, செட்டில்மென்ட் சீக்கிரம் வந்துடும்" என்றான்.

"தம்பி, எனக்குச் சொந்தக் காரணம் எதுவும் இல்லையே. நீங்கதான வேணாங்கிறீங்க? ஆர்டர் இல்லாததால நிறுத்துறோம்னு அதையே எழுதிக் குடுங்க, வாங்கிட்டுப் போறேன்" என்றேன்.

"எல்லாரும் போட்டுட்டாங்கக்கா. நீங்க மட்டும் பிரச்சினை பண்ணாதீங்க."

நான் போடவில்லை. பக்கத்து கம்பெனியில் சங்கத்தில் இருக்கிற என் பெரியப்பா மகன் முந்தின வாரமே சொல்லி வைத்திருந்தார். கம்பெனி நிறுத்தினது வேறு, நீயே விலகினது வேறு, ஈ.எஸ்.ஐ.யில் அந்த ஒரு வரியில்தான் எல்லாமே இருக்கிறது என்று. அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது பிறகு தெரிந்தது. மேலே இருப்பவர்களிடம் நடந்து, மெயில் போட்டு, கடைசியில் உற்பத்தி குறைவால் பணியிலிருந்து விடுவிக்கிறோம் என்று லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்கினேன்.

இனி ஈ.எஸ்.ஐ. விஷயம். 2018 ஜூலையில் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று ஒரு திட்டம் வந்தது. வேலை இழந்தால் தினசரி சராசரி சம்பளத்தில் 25 சதவீதத்தை அதிகபட்சம் 90 நாளுக்குத் தருவார்கள், வாழ்நாளில் ஒரே ஒரு முறை. கொரோனா காலத்தில், 2020 மார்ச் 24 முதல் வேலை போனவர்களுக்கு அதை 50 சதவீதம் ஆக்கினார்கள். அதற்கு முன்பு வேலை போய் 90 நாள் கழித்துத்தான் கேட்க முடியும், அதுவும் கம்பெனி வழியாக. அதையும் 30 நாளாகக் குறைத்து, நாமே நேராக ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம் என்று மாற்றினார்கள். என்னைக் காப்பாற்றியது அந்த மாற்றம்தான். திட்டத்தின் காலக்கெடுவை அவ்வப்போது நீட்டித்துத்தான் நடத்துகிறார்கள். அதனால் நீங்கள் போகும்போது இப்போதைய சதவீதத்தையும் கெடுவையும் கவுண்டரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தகுதிக்கு இரண்டு வருஷம் ஈ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. கணக்கில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை ஒரு காலம். வேலை போவதற்கு முந்தைய காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும், அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர்களுக்கும், வயதாகி ஓய்வு பெற்றவர்களுக்கும், விருப்ப ஓய்வில் போனவர்களுக்கும் கிடையாது. நாமாகவே விலகுவதாக எழுதிக் கொடுத்தால் இழுபறி ஆவது இந்த இடத்தில்தான்.

ஈ.எஸ்.ஐ. தளத்தில் ஐ.பி. நம்பரை, அதாவது நம் காப்பீட்டு எண்ணை, போட்டு நுழைந்து விண்ணப்பத்தை நிரப்பி, பிரின்ட் எடுத்து, ஆதார், பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸ் வைத்துக் கொடுக்க வேண்டும். நான் போட்டபோது 20 ரூபாய் முத்திரைத்தாளில் பிரமாணப் பத்திரமும் கேட்டார்கள். அந்த வருஷம் நவம்பரில் அதை வேண்டாம் என்று விலக்கிவிட்டார்கள். ஆதாரில் இருக்கிற பெயரும் ஈ.எஸ்.ஐ.யில் இருக்கிற பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். எனக்கு இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால், இன்னொரு இடத்தில் பின்னால். அதைத் திருத்துவதற்கே அலைய வேண்டியிருந்தது.

கிளை அலுவலகத்து அம்மா பொறுமையானவர். கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒருவர் வேலையை விட்டுப் போனால் ஏன் போனார் என்று கம்பெனி அதில் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லெஃப்ட் சர்வீஸ் (வேலையை விட்டுப் போனவர்), ரிட்டயர்ட், ரிட்ரெஞ்ச்மென்ட் (ஆள்குறைப்பு), நோ வொர்க் (வேலை இல்லை) என்று வரிசையாக இருக்கிறது. என் பெயருக்கு நேராக லெஃப்ட் சர்வீஸ் என்று போட்டிருந்தார்கள், எனக்குக் கடிதம் கொடுத்த பிறகும்! கையில் லெட்டர்ஹெட் கடிதம் இருந்ததால் அதைக் காட்டி, கம்பெனிக்கு மெயில் அனுப்ப வைத்து, காரணத்தை மாற்றினோம். என் கூடவே நிறுத்தப்பட்ட ஒரு பெண்ணுக்கும் அதே வரிதான். அவளிடம் காட்ட எதுவும் இல்லை, அந்த அச்சடித்த தாளில் அவள் கையெழுத்துதான் இருந்தது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக இருப்பவள். அவளுக்குப் பணம் வரவேயில்லை.

எனக்கு எவ்வளவு வந்தது என்றால், முந்தைய நான்கு காலத்துச் சம்பளத்தையும் கூட்டி, இரண்டு வருஷத்து நாள் கணக்கான 730ஆல் வகுப்பார்கள். மாதம் 15,000 வாங்கினால் ஒரு நாளைக்கு 493 ரூபாய் சொச்சம், அதில் பாதி கிட்டத்தட்ட 246, 90 நாளுக்கு 22,000க்குக் கொஞ்சம் மேலே. என் கணக்கும் அதை ஒட்டித்தான். நேராக பேங்கில் ஏறியது. மூன்று மாத வாடகை அது.

முறையான ஆள்குறைப்பு, ஆலை மூடல் என்று காகிதத்தில் இருந்தால் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்று 2005லிருந்தே இன்னொரு திட்டம் இருக்கிறது. இரண்டு வருஷம் வரை கிடைக்கும், முதல் வருஷம் சம்பளத்தில் பாதி, அடுத்த வருஷம் கால்வாசி. மூடிய கம்பெனிகளில் இருந்தவர்கள் பலருக்கு இது தெரியவே தெரியாது. இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இதற்கும் தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைக்கும் சம்பந்தமில்லை. பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அது எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்து, தவறாமல் புதுப்பித்து, ஐந்து வருஷம் காத்திருப்பவர்களுக்கு. பத்தாவது தவறியவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, டிகிரிக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சேர்த்துப் போடுவார்கள், மூன்று வருஷம் வரை. மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகை கூடுதல், காத்திருப்பு ஒரு வருஷம்தான். இன்ஜினியரிங், மருத்துவம் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்கு இல்லை. வயது 40க்குள், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 45. வாங்குவதால் சீனியாரிட்டி போய்விடாது, அந்தப் பயம் வேண்டாம். என் தங்கை மகள் பி.காம். முடித்து வாங்குகிறாள், டி.என்.பி.எஸ்.சி. படிக்கிறாள், அந்தப் பணம் டெஸ்ட் பேட்ச் கட்டணத்துக்குப் போகிறது. சென்னையில் சாந்தோம் அலுவலகத்தில் படிவம் கிடைக்கும். நேற்றுவரை வேலையில் இருந்த உங்களுக்கு இது உடனே உதவாது.

அதில் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். மாதம் 6,000. சென்னையில் வாடகைக்கு இருக்கும் எந்தக் குடும்பம் 6,000 ரூபாயில் சாப்பிடுகிறது? வாடகை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். அரசு வீட்டு மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று கொடுக்கிறது. எங்கள் ஹவுஸ் ஓனர் சப்-மீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே 10 ரூபாய் வாங்குகிறார். வேலையில்லாமல் இருந்த மாதங்களிலும் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. ஏழைக்கு என்று அரசு கொடுப்பது எங்கள் வாசல் வரைக்கும் வந்து ஓனர் வீட்டுக்குள் போய்விடுகிறது. இதைக் கேட்க ஒருத்தரும் இல்லை.

உழைக்காமல் அரசாங்கத்திடம் கை நீட்டுகிறார்கள் என்று யாராவது சொல்வார்கள். எனக்கும் சொந்தக்காரர்களே சொன்னார்கள். என் பே ஸ்லிப்பில் மாதாமாதம் 113 ரூபாய் ஈ.எஸ்.ஐ.க்குப் போனது, 2019 ஜூலைக்கு முன்பு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். கம்பெனி பங்கு தனி. இன்சூரன்ஸ் கட்டினேன், கஷ்டம் வந்தபோது கேட்டேன். விபத்தான வண்டிக்கு க்ளெய்ம் போடுகிறவரை யாரும் பிச்சைக்காரர் என்று சொல்வதில்லையே. எல்லா கம்பெனியும் மோசம் என்றும் நான் சொல்லவில்லை. ஆர்டர் இல்லாவிட்டால் முதலாளிக்கும் கஷ்டம்தான். ஆனால் நிறுத்துகிறோம் என்று ஒரு வரி எழுதிக் கொடுக்க அவருக்கு என்ன நஷ்டம்?

நான் வக்கீல் இல்லை, பட்டதைச் சொல்கிறேன். கையெழுத்து ஏற்கெனவே போட்டிருந்தாலும் விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். உங்களை நிறுத்தியதாக வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ வந்தது ஏதாவது இருந்தால் பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி பே ஸ்லிப்புகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு உங்கள் ஐ.பி. நம்பர் எந்தக் கிளையில் வருகிறதோ அங்கே போங்கள். ஈ.எஸ்.ஐ. மருத்துவ வசதி வேலை போன அன்றே நின்றுவிடாது, வீட்டில் யாருக்காவது சுகர், பிரஷர் மாத்திரை வாங்குகிறீர்கள் என்றால் அதை எதுவரை வாங்கலாம் என்றும் அதே கவுண்டரில் கேட்டு வாருங்கள்.