விண்டோஸை மறுபடி போட்டதும் ஃபைல்களைக் காணோம்: எங்கே, எந்த வரிசையில் தேடுவது?

கேள்வி: எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு நாள் ஆன் ஆகாமல் நீலத் திரையிலேயே நின்றுவிட்டது. உறவினர் ஒருவர் பென் டிரைவ் வைத்து விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்து கொடுத்தார். இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனால் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் காலி. அப்பா தட்டச்சு செய்து வைத்திருந்த கட்டுரைகளும் பத்து வருஷப் படங்களும் அதில்தான் இருந்தன. ஃபைல் ஹிஸ்டரி பேக்கப் உள்ள எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியாகச் செருகி எட்டு மாதம் ஆகிறது. மீதியை மீட்க முடியுமா? கம்ப்யூட்டரைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது எப்படி?

பதில்: முதலில் ஃபைல்கள், அப்புறம் கம்ப்யூட்டர். இந்த வரிசை மாறினால்தான் பெரிய இழப்பு வருகிறது. அதனால் புதிய மென்பொருள் போடுவது, அப்டேட் செய்வது, பேக்கப்பை சி டிரைவில் கொட்டுவது எல்லாவற்றையும் இப்போதைக்கு நிறுத்திவையுங்கள்.

சி டிரைவைத் திறந்து ‘விண்டோஸ்.ஓல்டு’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உங்கள் உறவினர் டிஸ்கை ஃபார்மட் செய்யாமல் அதன் மேலேயே இன்ஸ்டால் செய்திருந்தால், பழைய விண்டோஸ் முழுவதும் அந்த ஃபோல்டருக்குள் இருக்கும். அதற்குள் ‘யூசர்ஸ்’, அதற்குள் உங்கள் பழைய பெயர், அதற்குள் டெஸ்க்டாப்பும் டாகுமென்ட்ஸும். திறக்க அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி வந்தால் பயப்பட வேண்டாம், ‘கன்டின்யூ’ அழுத்தினால் போதும். அங்கிருந்து எல்லாவற்றையும் வேறொரு எக்ஸ்டர்னல் டிஸ்குக்கு இன்றைக்கே காப்பி செய்துவிடுங்கள். பொதுவாக 10 நாள் கழிந்ததும் விண்டோஸ் இந்த ஃபோல்டரைத் தானாகவே நீக்கிவிடும்.

அது இல்லை என்றால் ஃபார்மட் நடந்திருக்கலாம், அல்லது அந்த 10 நாள் கழிந்திருக்கலாம். கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். சும்மா விட்டு வைத்தாலும் விண்டோஸ் பின்னணியில் அப்டேட் இறக்கும், பிரவுசர் தற்காலிக ஃபைல்களை எழுதும். எந்த ஃபைல் டிஸ்கில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பதிவேடு ஒன்று உண்டு. விரைவு ஃபார்மட்டில் அது மட்டும்தான் புதிதாகிறது. பழைய படங்களும் கட்டுரைகளும் டிஸ்கில் அப்படியே கிடக்கும், மேலே வேறொன்று எழுதப்படும் வரை. புது விண்டோஸே பல ஜிபி எழுதியிருக்கும். அந்தப் பகுதி போனது போனதுதான்.

அணைத்த நேரத்தில் செலவே இல்லாத இடங்களைத் தேடிவிடலாம். போனிலிருந்தோ இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்தோ மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவுக்குள் நுழைந்து பாருங்கள். டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் அது தானாகவே மேலே ஏற்றிக்கொண்டிருப்பது பலருக்குத் தெரிவதே இல்லை. ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் இரண்டிலும் நீக்கிய ஃபைல்கள் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். அப்பா கட்டுரைகளை யாருக்காவது மெயிலில் அனுப்பியிருந்தால் ‘சென்ட்’ பெட்டியில் இருக்கும். பழைய போன், கேமரா கார்டு எதையும் விடாதீர்கள்.

அடுத்தது உங்கள் எக்ஸ்டர்னல் டிஸ்க். அதை வேறு கம்ப்யூட்டரில் செருகுங்கள். ‘ஃபைல் ஹிஸ்டரி’ ஃபோல்டரைத் திறந்து, பயனர் பெயர், கம்ப்யூட்டர் பெயர், ‘டேட்டா’ என்று உள்ளே போனால் உங்கள் ஃபோல்டர்கள் அதே அமைப்பில் வரும். இவை சாதாரண ஃபைல்கள்தான், தனி மென்பொருள் இல்லாமலே திறக்கும். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு தேதியும் நேரமும் ஒட்டியிருக்கும்: ‘முன்னுரை (2023_11_04 06_12_35 யூடிசி)’ என்பது போல. உலகப் பொது நேரம் என்பதால் உங்கள் கடிகாரத்தோடு ஒத்துப்போகாது.

இங்கே பலர் தவறுவார்கள். தேதிவாரியாக வரிசைப்படுத்தி, கடைசித் தேதி உள்ளவற்றை மட்டும் அள்ளிக்கொண்டு ‘பாதிதான் கிடைத்தது’ என்று வருந்துவார்கள். மாறிய ஃபைல்களை மட்டும்தான் ஃபைல் ஹிஸ்டரி திரும்பக் காப்பி செய்யும். எடுத்த பிறகு தொடாத படம், முதல் பேக்கப் நடந்த அன்றைய தேதியோடு ஒரே ஒரு முறைதான் இருக்கும். பழைய தேதி என்றால் பழைய பதிப்பு என்று அர்த்தம் இல்லை. ஒரே பெயரில் பல இருந்தால் கடைசியானதை எடுங்கள்; ஆனால் அதன் அளவு 0 கேபி என்று காட்டினால் அதற்கு முந்தையதை எடுங்கள். பேக்கப் டிஸ்கிலிருந்து காப்பி மட்டும் செய்யுங்கள், அதில் எதையும் வெட்டி எடுக்கவோ ஒழுங்குபடுத்தவோ வேண்டாம். இப்போது உங்களிடம் இருக்கும் ஒரே பிரதி அதுதான்.

மிச்சம் அந்த எட்டு மாதம். கம்ப்யூட்டருக்குள் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்கா, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியா என்பதைப் பொறுத்தது இது. மாடல் எண்ணை வைத்தே தெரிந்துகொள்ளலாம். எஸ்எஸ்டி என்றால் மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். எந்த இடமெல்லாம் காலி என்று விண்டோஸ் ‘ட்ரிம்’ கட்டளை மூலம் சொல்லிவிடும், எஸ்எஸ்டி அவற்றை உள்ளுக்குள்ளேயே துடைத்துவிடும். ஒரு முறை முயன்று பாருங்கள். வரவில்லை என்றால் மென்பொருள் மாற்றி மாற்றி நாள்களைச் செலவழிக்காதீர்கள். விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் டிஸ்க் பூட்டப்பட்டிருந்தாலும் அதே நிலைதான்.

ஹார்ட் டிஸ்க் என்றால் நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதைக் கழற்றி, யூஎஸ்பி பெட்டியில் போட்டு இன்னொரு கம்ப்யூட்டரில் செருகுங்கள். ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் உடனே எடுத்துவிடுங்கள். அது இயந்திரக் கோளாறு, மென்பொருளால் ஆகாது; தரவு மீட்பு ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். விண்டோஸ் ‘டிஸ்கில் பிழை இருக்கிறது, சரிசெய்யவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பழுதுபார்ப்பு டிஸ்கில் எழுதும்.

மீட்க இலவசமாகவே நல்ல கருவிகள் உண்டு. ரெக்குவா எளிது. ஃபோட்டோரெக் இன்னும் ஆழமாகத் தேடும்: பதிவேட்டை நம்பாமல், ஒவ்வொரு வகை ஃபைலும் தொடங்கும் அடையாளத்தை வைத்தே கண்டுபிடிக்கும். அதனால் பெயரும் ஃபோல்டரும் திரும்ப வராது. எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்களில் ஆயிரக்கணக்கில் வந்து குவியும், பாதிக்கு மேல் பிரவுசர் சேமித்த குட்டிப் படங்களாக இருக்கும். அளவுவாரியாக அடுக்கினால் உங்கள் படங்கள் மேலே வந்துவிடும்.

மீட்டதைச் சேமிக்கும் இடம் கட்டாயம் வேறு டிஸ்காக இருக்க வேண்டும். ஒருவர் இரவெல்லாம் மீட்பு மென்பொருளை ஓடவிட்டு, கிடைத்ததையெல்லாம் அதே டிஸ்கிலேயே சேமித்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தார். முதலில் மீண்டவை, அடுத்து மீள வேண்டியவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தன. திறந்த படங்களில் மேல் பாதி குடும்பம், கீழ் பாதி வெறும் சாம்பல் நிறம். அதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஃபைல்கள் இரண்டு இடத்தில் பத்திரமான பிறகுதான் கம்ப்யூட்டருக்கு வர வேண்டும். அது ஏன் நீலத் திரையில் நின்றது என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சின்ன மென்பொருளை ஓடவிட்டால் டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும். மஞ்சளில் ‘காஷன்’ என்று காட்டினால் அந்த டிஸ்கை மாற்றுங்கள், மீட்டதை மறுபடி அதில் வைக்க வேண்டாம். நன்றாக இருந்தால் ஃபைல்களைக் காப்பி செய்துகொள்ளலாம். மென்பொருள்களை மட்டும் ஒவ்வொன்றாக மறுபடி இன்ஸ்டால் செய்துதான் ஆக வேண்டும், ஃபைல் ஹிஸ்டரி அவற்றைக் காப்பதில்லை. பிறகு பேக்கப்பைத் தொடங்குங்கள், ஆனால் எக்ஸ்டர்னல் டிஸ்கை எப்போதும் செருகியே வைக்காதீர்கள். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால் செருகியிருக்கும் டிஸ்கையும் சேர்த்துத்தான் பூட்டும்.

அப்பாவின் கட்டுரைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திறந்து பார்க்கும்போது தமிழ் இல்லாமல் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கிடந்தால், ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருவில் அவர் தட்டச்சு செய்திருக்கலாம். புது விண்டோஸில் அந்த எழுத்துரு இருக்காது. வேர்டில் அந்த வரியின் மேல் கர்சரை வைத்தால் எழுத்துருவின் பெயர் மேலே தெரியும். அதே எழுத்துருவை இன்ஸ்டால் செய்துவிட்டு ஃபைலை மறுபடி திறந்து பாருங்கள், அவர் எழுதியது அப்படியே இருக்கும்.