உள்ளங்கையில் ஒற்றை ரேகை: டவுன் சிண்ட்ரோமா?

கேள்வி: என் மகன் பிறந்து பத்து நாள் ஆகிறது. ஒரு உள்ளங்கையில் குறுக்கே ஒரே ரேகைதான் ஓடுகிறது. கண்களின் ஓரம் சற்று மேலேறி இருக்கிறது. பார்க்க வந்த உறவினர் டவுன் சிண்ட்ரோம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாங்கள் என்ன செய்வது?

பதில்: டவுன் சிண்ட்ரோம் என்பது, மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் பிறவி நிலை. ரேகையைப் பார்த்து யாரும் அதை முடிவு சொல்ல முடியாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் ஒற்றை ரேகை இருக்கும். எந்தச் சிக்கலும் இல்லாமல் நன்றாக இருப்பவர்களிலும் நூற்றுக்கு ஓரிருவருக்காவது அது உண்டு. சில குடும்பங்களில் தாத்தா, அப்பா, பிள்ளை என்று வரிசையாக வரும். உங்கள் கை, கணவர் கை, இரு பக்கத்துப் பெரியவர்கள் கை எல்லாவற்றையும் விரித்துப் பாருங்கள். கண்ணின் சாய்வும் பெற்றோரிடமிருந்து வரலாம்.

மருத்துவர் முதலில் கவனிப்பது தசையை. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் நம் பிடியிலிருந்து நழுவுவது போலத் துவளும். பால் உறிஞ்சும் வேகமும் குறைவாக இருக்கும். அதோடு தட்டையான மூக்குப் பாலம், சிறிய காது, பிடரியில் தளர்ந்த தோல், கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே அகன்ற இடைவெளி என்று பல அடையாளங்கள் சேர்ந்து வந்தால்தான் சந்தேகம் வலுக்கும்.

சந்தேகம் வந்தால் தீர்வு ரத்தப் பரிசோதனைதான். அதன் பெயர் கேரியோடைப். 46 குரோமோசோம் இருக்க வேண்டிய இடத்தில், 21-ஆம் எண் ஒன்று கூடி 47 இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பார்கள். முடிவு வரச் சில நாட்கள் பிடிக்கும். அதை உறையில் போட்டு நீட்டி, விளக்க ஒரு ஆள்கூட இல்லாமல் பெற்றோரை அனுப்பிவைக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. எத்தனை முறை சொல்லியும் மாறவில்லை. மருத்துவர் உட்கார்ந்து விளக்கும்வரை நீங்கள் எழுந்திருக்காதீர்கள்.

ஒருவேளை உறுதியானால், அடுத்த வேலை இதயத்துக்கு எக்கோ, அதாவது ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் ஸ்கேன். இந்தக் குழந்தைகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் பிறவி இதயக் கோளாறு இருக்கும். ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்கவில்லை, அப்புறம் பார்க்கலாம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சத்தமே இல்லாமல் பெரிய ஓட்டை இருக்கலாம். தாமதித்தால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் கெட்டுப்போய், அறுவை சிகிச்சைக்கு வழியில்லாமல் போகும். தைராய்டு, காது, கண் பரிசோதனைகளையும் விட்டுவிடக் கூடாது.

இனி நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று. செய்தி பரவியதும் ஆட்கள் தேடி வருவார்கள். ஸ்டெம் செல் ஊசி, மூளை வளர்ச்சிக்கு டானிக், கூடுதல் குரோமோசோமைச் சரிசெய்யும் மருந்து என்பார்கள். கமிஷனுக்காக அழைத்துப் போகும் தரகர்களும் உண்டு. அந்தக் குரோமோசோமை எடுக்கும் மருந்து எதுவும் இன்று கிடையாது. குழந்தைக்குப் பலன் தருவது பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும்தான். கையில் இருக்கும் காசை அதற்கு வையுங்கள்.

இப்போதைக்கு, குழந்தை துவள்கிறதா, பால் குடிக்கத் திணறுகிறதா என்று கவனித்து, நாளையே குழந்தை நல மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். பால் குடிக்கும்போது உதடோ நாக்கோ நீலம் பூத்தால் நாளை வரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.