பாராட்டுக்கு ஏங்கும் மனதோடு பாடலாமா?

எரேமியா 17ஆம் அதிகாரத்தை நாம் சேர்ந்து வாசித்தபின் வந்த கேள்விகளில் நான்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, ஆலயத்தில் பாடகர் குழுவில் இருக்கிறேன். பாடி முடித்ததும் யாராவது "நல்லா இருந்துச்சு" என்று சொல்லமாட்டார்களா என்று மனம் தேடுகிறது. விட்டுவிடட்டுமா?

பதில்: வேண்டாம்மா. விட்டால், "பெருமை வேண்டாமென்று ஒதுங்கினவள்" என்ற பேருக்கு அதே மனம் ஏங்கும். எரேமியா 17:9 இருதயத்தைத் "திருக்குள்ளது", அதாவது வஞ்சகமுள்ளது என்கிறது. அங்கே உள்ள எபிரெயச் சொல்லுக்கும் யாக்கோபு என்ற பெயருக்கும் வேர் ஒன்றுதான். அண்ணன் ஏசாவுக்குரிய ஆசீர்வாதத்தைப் பெற, ஏசாவின் உடுப்பைப் போட்டு, கையில் ஆட்டுத்தோலைச் சுற்றிக்கொண்டு, கண் மங்கிய தகப்பன் ஈசாக்கின் முன் போய் நின்றவன் அவன். நம் இருதயமும் அப்படித்தான் நல்ல உடுப்போடு நம்மிடம் வரும். நாமும் ஈசாக்கைப் போலத் தடவிப் பார்த்துவிட்டு ஆசீர்வதித்து அனுப்பிவிடுவோம்.

பாராட்டு இனிப்பது குற்றமில்லை. பக்கத்தில் நிற்கும் சகோதரியைப் பாராட்டும்போது உங்கள் முகம் வாடுகிறதா என்று பாருங்கள். வாடினால் அந்தச் சகோதரிக்காகவே ஜெபியுங்கள். பாடிக்கொண்டே இருங்கள்.

கேள்வி: ஆலயத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தோம். இறக்கையில் அப்பா பெயரை எழுதலாமா?

பதில்: மனிதர் காண தர்மம் செய்கிறவர்கள் "தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது" என்று மத்தேயு 6:2 சொல்கிறது. அங்கே உள்ள கிரேக்கச் சொல் அந்நாளில் ரசீதுகளில் எழுதப்பட்டது: முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன், பாக்கி இல்லை. அப்பாவின் நினைவுக்கென்றால் வீட்டில் ஒரு ஸ்தோத்திர ஜெபம் வையுங்கள். பெயர் இல்லாமலும் காற்று வரும்.

கேள்வி: எங்கள் போதகர் பணத்துக்காகத்தான் ஊழியம் செய்கிறார் என்று தோன்றுகிறது.

பதில்: அவர் உள்ளத்தை நீங்கள் பார்க்க முடியாது. பொறாமையினால் பிரசங்கித்தவர்களைப் பற்றிச் சிறையிலிருந்து எழுதும்போதுகூட, கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே என்று பவுல் சந்தோஷப்பட்டார் (பிலிப்பியர் 1). ஆனால் கணக்குக் கேட்பது வேறு. 2 கொரிந்தியர் 8இல் அதே பவுல், காணிக்கைப் பணத்தில் யாரும் குறை சொல்ல இடமிராதபடி கூட ஆட்களை அனுப்புகிறார். சபைக் கணக்கைத் தாராளமாகக் கேளுங்கள். உள்நோக்கத்துக்கு முத்திரை குத்தாதீர்கள்.

கேள்வி: தினமும் இரவு என் எண்ணங்களைச் சோதிக்கிறேன். ஒன்றுகூட சுத்தமாக இல்லை. தூக்கம் வருவதில்லை. மூன்று மாதமாகத் திருவிருந்தில் பங்கெடுக்கவில்லை.

பதில்: தம்பி, உங்கள் கேள்வியை வாசித்து வெகுநேரம் ஜெபித்தேன். இதே இருட்டில் இரண்டு பேர் நடந்திருக்கிறார்கள். 1505இல் ஜெர்மனியின் எர்ஃபூர்ட் மடத்தில் சேர்ந்த, பிற்பாடு சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் ஓயாமல் பாவ அறிக்கை செய்தும் சமாதானம் காணவில்லை. அவருடைய மேலாளர் ஸ்டௌபிட்ஸ், உன்னைப் பார்க்காதே, கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று திருப்பினார். 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில், பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் உயிரை விட்டுவிடலாமா என்னும் அளவுக்குத் தவித்தார். பிற்பாடு அவர் வகுத்துக் கொடுத்த ஆத்தும சோதனையில் முதல் படி, பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வது. பாவத்தைத் தேடுவது அதற்குப் பிறகுதான்.

சங்கீதம் 139இன் கடைசியைக் கவனியுங்கள். "என்னை ஆராயும்" என்று தேவனிடம் கேட்கிறார் தாவீது. விளக்கு தேவன் கையில் இருக்கட்டும். உங்கள் இருதயம் உங்களைக் குற்றப்படுத்தினாலும் "தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவர்" (1 யோவான் 3:20).

திருவிருந்தைப் பற்றிய 1 கொரிந்தியர் 11:28ஐ மறுபடி வாசியுங்கள். தன்னைச் சோதித்தறிந்து விலகியிருக்கச் சொல்லவில்லை, சோதித்தறிந்து புசிக்கச் சொல்கிறது. இந்தத் தூக்கமின்மையை உங்கள் ஆயரிடமும் ஒரு மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். அடுத்த திருவிருந்து ஆராதனைக்கு வீட்டாரோடு போய் மேசையண்டை முழங்கால்படியிடுங்கள்.