வாசகர் கேள்வி பதில்: வீட்டு முற்றத்தில் கலம்காரி

கேள்வி: சிக்கல்நாயக்கன்பேட்டையில் உறவினர் வீட்டில் தங்கிக் கலம்காரி (கலம் என்னும் மூங்கில் பேனாவால் துணியில் இயற்கைச் சாயம் கொண்டு வரையும் கலை) கற்றேன். இப்போது எங்கள் ஊர் வீட்டின் பின்கட்டில் தனியாக வரைகிறேன். மசி (கோடு வரையும் கறுப்பு மை) துணியில் கறுக்காமல் பழுப்பாகவே நிற்கிறது. கோடும் ஓரத்தில் ஊறிப் பரவுகிறது. என்ன செய்வது? (வாசகி, குடவாசல்)

பதில்: இவை இரண்டும் வேறு வேறு கோளாறுகள். முதலில் கறுப்பைப் பார்ப்போம். பானையில் இருக்கும்போதே மசி கறுப்பாக இருக்காது. அதிலுள்ள இரும்பு, துணியில் ஏறியிருக்கும் கடுக்காய்த் துவர்ப்போடு சேரும்போதுதான் கறுக்கும். எனவே ஒரு தட்டில் கொஞ்சம் கடுக்காய்த் தண்ணீர் விட்டு, அதில் ஒரு சொட்டு மசியை விடுங்கள். உடனே கறுத்தால் மசி நன்றாக இருக்கிறது, துணியில்தான் கடுக்காய் போதவில்லை. சாம்பல் நிறத்தில் நின்றுவிட்டால் மசி இன்னும் பழுக்கவில்லை.

மசிக்கு 10 லிட்டர் தண்ணீர், 1 கிலோ துருப்பிடித்த இரும்பு, 1 கிலோ வெல்லம் போதும். பழைய ஆணி, லாடம், தகரத்துண்டு எதுவானாலும் சரி, எண்ணெயும் பெயிண்டும் இருக்கக் கூடாது. மண்பானையில் போட்டு வாயைத் துணியால் கட்டுங்கள். இறுக மூடினால் புளிப்பு ஏறாது. தினமும் ஒருமுறை கிளறுங்கள். வெயில் காலத்தில் 15 நாளில் பழுத்துவிடும், ஐப்பசி, கார்த்திகையில் 3 வாரத்துக்கு மேலும் ஆகும். வடிகட்டித்தான் எடுக்க வேண்டும். துருக்கட்டி கலத்தின் முனையில் அடைத்துக்கொண்டால் ஒரே இடத்தில் மசி கொட்டும். கறுப்பு போதவில்லை என்று இரும்பைக் கூட்டவே கூட்டாதீர்கள். மிஞ்சிய இரும்பு பருத்தி நூலை அரித்துவிடும். பழைய துணிகளில் கறுப்புக் கோடு ஓடிய இடம் மட்டும் இற்று உதிர்ந்திருப்பதற்கு இதுதான் காரணம்.

கோடு பரவுவதற்குக் காரணம், துணியில் பாலின் பிடிப்பு போதாததுதான். 100 கிராம் கடுக்காய்ப் பொடியை ஊறவைத்து வடிகட்டி, 1 லிட்டர் காய்ச்சாத எருமைப்பாலில் கலந்து, கஞ்சி போக வெளுத்த துணியை அதில் கால் மணி நேரம் அமுக்கி எடுங்கள். பாலின் கொழுப்புதான் மசியை நூலில் ஓடவிடாமல் பிடித்து நிறுத்துகிறது. பாக்கெட் பாலில் அந்தப் பிடிப்பு குறைவு, தண்ணீர் கலந்த பாலில் இன்னும் மோசம். எடுத்த துணியை முனையிலிருந்து முனைவரை ஒரே அழுத்தத்தில் பிழிந்து, நல்ல வெயிலில் விரித்துக் காயவையுங்கள். மடிப்போடு காய்ந்தால் அந்த மடிப்பில் கோடு திட்டுத்திட்டாக விழும். ஈரம் இருக்கும்போது வரையத் தொடங்கினால் எவ்வளவு நல்ல கையானாலும் கோடு பரவத்தான் செய்யும்.

கேள்வி: படிகாரம் தடவி மஞ்சிட்டியில் (சிவப்புச் சாயம் தரும் வேர்) கொதிக்க வைத்தேன். சிவப்பு மங்கலாக இருக்கிறது. வரையாத வெற்றிடத்திலும் சிவப்பு ஏறிவிட்டது. (வாசகர், மணல்மேடு)

பதில்: வெற்றிடத்தில் ஏறியதற்குக் காரணம் அலசல் குறைவு. படிகாரம் ஒட்டிய இடத்தில்தான் சிவப்பு பிடிக்கும். 1 லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் படிகாரம் கரைத்து, சிவப்பு வர வேண்டிய இடத்தில் மட்டும் தடவுங்கள். இரண்டு நாள் ஆறப்போட்டால் நூலைப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஓடும் தண்ணீரில் அலசி, ஒட்டாத படிகாரம் முழுவதையும் போக்குங்கள். தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்தால், கரைந்த படிகாரம் திரும்ப வந்து துணி முழுக்க ஒட்டும். இந்தத் தொழில் ஆற்றங்கரை ஊர்களில் வேரூன்றியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆறு வற்றிய மாதங்களில் பம்புசெட் வாய்க்காலில் அலசலாம்.

மங்கலுக்கு உங்கள் பாத்திரத்தைப் பாருங்கள். இரும்பு அண்டாவில் கொதிக்க வைத்தால் சிவப்பு கறுத்து மங்கும், செம்புப் பாத்திரம் வேண்டும். ஆழ்குழாய்த் தண்ணீரில் துருவாடை அடித்தாலும் இதே கதைதான். சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, துணியைக் கழியால் புரட்டிக்கொண்டே இருங்கள். அடியில் தங்கிய பக்கம் வரி வரியாக நிறம் பிடித்துவிடும்.

கேள்வி: வீட்டில் வரைந்த தொம்பையை (உருளை வடிவத் துணித் தொங்கல்) ‘கருப்பூர் கலம்காரி’ என்று அட்டை கட்டி விற்கலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: கூடாது. கருப்பூர் கலம்காரி ஓவியங்களுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பகுதியைச் சேர்ந்து, அனுமதி பெற்ற பயனாளராகப் பதிவு செய்தவர்களுக்கே அந்தப் பெயர் உரியது. ‘கையால் வரைந்த கலம்காரி, இயற்கைச் சாயம்’ என்று எழுதி உங்கள் ஊர்ப் பெயரைப் போடுங்கள். கடைச் சாயம் ஒரு நிறத்தில் சேர்ந்திருந்தாலும் ‘இயற்கைச் சாயம்’ என்று போடாதீர்கள்.