கணவர் சமைக்கிறார், எனக்கு வயிறு உப்புகிறது

கேள்வி: எனக்கு வயது 46. ஆறு மாதமாகக் கணவருக்குச் சமையல் பைத்தியம். ஒரு முறை செய்ததை மறுமுறை செய்வதில்லை. உப்புநீரில் புளிக்கவைத்த காய்கள், பூண்டு போட்டு ஊறவைத்த எண்ணெய் என்று அலமாரி முழுக்க பாட்டில்கள். எனக்கோ தினமும் வயிறு உப்புசம், வாரத்தில் இரண்டு நாளாவது வயிறு இளக்கம். போன மாதம் மெதுவாக வேகவைக்கும் மின்சாரப் பாத்திரத்தில் ராஜ்மா செய்தார். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் இருவருக்கும் வாந்தி. அவ்வளவு ஆசையாகச் செய்கிறவரிடம் எப்படிச் சொல்வது? அவருக்குத் தெரியாமல் தினமும் காலையில் அமில மாத்திரை போட்டுக்கொள்கிறேன். இது அல்சராக இருக்குமோ?

பதில்: உங்கள் கடிதத்தை வீட்டில் படித்துக் காட்டினேன். "பேரை மறைத்து நீங்களே எழுதியதுதானே?" என்றார் என் மனைவி. அவரும் சமையலறையில் சும்மா இருப்பவர் இல்லை.

நீங்கள் சொல்வது அல்சர் மாதிரித் தெரியவில்லை. அல்சர் என்றால் பெரும்பாலும் மேல்வயிற்றில் எரிச்சலோ வலியோ இருக்கும். உப்புசமும் இளக்கமும் சேர்ந்து வருவது குடலின் வேலை.

முதலில் அந்த ராஜ்மா. அது ஒவ்வாமையும் இல்லை, கிருமியும் இல்லை என்றே நினைக்கிறேன். அந்தக் கொட்டையில் லெக்டின் என்ற இயற்கை நச்சு இருக்கிறது. நன்றாகக் கொதித்தால் அழிந்துவிடும். மெதுவாக வேகவைக்கும் பாத்திரத்தில் பல நேரம் அந்தச் சூடு வருவதில்லை. கொட்டை மெத்தென்று ஆகிவிடும், நச்சு அப்படியே இருக்கும். அரைவேக்காட்டுச் சூட்டில் அதன் வீரியம் பச்சைக் கொட்டையைவிட ஏறிவிடுவதும் உண்டு. சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும், சில மணி நேரத்தில் அடங்கும். உங்கள் கதையும் அதுதான். இனி குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிடச் சொல்லுங்கள். 10 நிமிடம் கட்டாயம், அரை மணி என்றால் நிம்மதி. அப்புறம் எந்தப் பாத்திரத்தில் வேண்டுமானாலும் அவர் வித்தை காட்டட்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் பயமுறுத்தியது வேறு. போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பூண்டு எண்ணெய். மண்ணில் விளையும் பூண்டில், நரம்புகளை முடக்கும் நச்சைச் சுரக்கும் பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் ஒட்டியிருக்கலாம். காற்றில் இருக்கும்வரை அவை தூங்கும். பூண்டில் புளிப்பு இல்லை, எண்ணெய்க்கு அடியில் காற்றும் இல்லை. அலமாரியின் சாதாரண சூடு வேறு. வித்துகள் விழித்து நச்சு சுரக்க இது போதும். எண்ணெய் பார்க்கவும் முகரவும் அப்படியே இருக்கும். பச்சைப் பூண்டு போட்ட எண்ணெயை ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும், அதுவும் நான்கு நாளைக்கு மேல் கூடாது. இமை தொங்குவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, நாக்கு குழறுவது, விழுங்க முடியாமல் போவது இவற்றில் ஏதாவது வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

புளிக்கவைத்த காய்கள் அந்த அளவுக்கு ஆபத்தில்லை. காயும் நீரும் சேர்ந்து ஒரு கிலோ என்றால் 20 முதல் 25 கிராம் உப்பு, அதைத் தராசில் நிறுத்துப் போட வேண்டும். கை அளவு உதவாது. காய் நீருக்குள் முங்கியிருக்கட்டும். மேலே பூஞ்சை படர்ந்தால் வழித்துவிட்டுச் சாப்பிடாமல் பாட்டிலோடு தூக்கிப் போடுங்கள். இரத்த அழுத்தம் இருப்பவர் அந்த உப்பையும் கணக்கில் வைக்க வேண்டும்.

உங்கள் உப்புசத்துக்கு வருவோம். புதுச் சாப்பாடு என்பதால் வயிறு கோபித்துக்கொள்வதில்லை. பயறு, பூண்டு, வெங்காயம், புளித்த காய் எல்லாம் ஒரே வாரத்தில் தட்டு நிறைய வந்தால்தான் பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை வாயுவாக்கித் தள்ளுகின்றன. மெல்ல மெல்லக் கூட்டினால் குடல் பழகிக்கொள்ளும். இரண்டு வாரம் ஒரு நோட்டில் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, வயிறு எப்போது உப்பியது என்று எழுதுங்கள். பெரும்பாலும் ஓரிரண்டு பொருள்கள் மாட்டும். பால் சேர்ந்த நாளில் மட்டும் வயிறு கலங்குகிறதா என்றும் கவனியுங்கள்.

அமில மாத்திரை உப்புசத்துக்கு மருந்தே இல்லை. வயிற்று அமிலம் கெட்டுப்போன உணவின் கிருமிகளைக் கொல்லும் காவல்காரன். இப்படிச் சோதனைகள் நடக்கும் வீட்டில் அதை ஏன் தூங்க வைக்கிறீர்கள்? மருத்துவர் சொல்லாமல் போட்டுக்கொள்வது என்றால் நிறுத்திவிடுங்கள். சில நாள் நெஞ்செரிச்சல் கூடுதலாக இருந்தால் பயப்பட வேண்டாம்.

மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு, விடாத காய்ச்சல் இருந்தால் நோட்டை மூடிவிட்டு நேரில் மருத்துவரைப் பாருங்கள். இவை இல்லாவிட்டாலும், ஒரு மாதத்தில் சரியாகாவிட்டால் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது.

கணவரிடம் எப்படிச் சொல்வது? பழியை என் மேல் போடுங்கள். "வாரத்துக்கு ஒரு புதுப் பொருள்தான், எனக்குச் சின்னக் கிண்ணம், டாக்டர் சொன்னார்" என்று சொல்லுங்கள். அந்த நோட்டை அவர் கையிலேயே கொடுத்தாலும் தப்பில்லை. சோதனை செய்கிறவருக்கு முடிவு தெரிய வேண்டாமா? மற்றதெல்லாம் மெதுவாக நடக்கட்டும். அந்த எண்ணெய்ப் பாட்டிலை மட்டும் இன்றே தூக்கி எறியச் சொல்லுங்கள். கெட்டுவிட்டதா என்று ஒரு சொட்டுகூட நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம்.