9 மாசமா விக்காத ஃபிளாட்: விலையை இறக்கலாமா, காத்திருக்கலாமா?

கேள்வி: வணக்கம். மேடவாக்கத்துல எங்களுக்கு ஒரு 2 பிஎச்கே ஃபிளாட் இருக்கு, 980 சதுர அடி, யூடிஎஸ் (மண்ணுல எங்க பங்கு) 450. 2013 ஜூன்ல 46 லட்சத்துக்கு வாங்கினது. வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனதும் பொண்ணு பக்கத்துல இருக்கலாம்னு கோயம்புத்தூர் வடவள்ளியில வீடு வாங்கி வந்துட்டோம், அதுக்கு 22 லட்சம் லோன் நிக்குது, வட்டி 8.75 சதவீதம். ஃபிளாட்டை வித்து லோனை அடைச்சுட்டு மீதியை டெபாசிட்ல போடறதா ப்ளான். 78 லட்சம்னு விலை சொல்லி 9 மாசம் ஆச்சு. முதல் ரெண்டு மாசத்துல 14 பேர் வந்து பார்த்தாங்க. மூணாவது மாசம் ஒருத்தர் 68க்கு கேட்டார், என் வீட்டுக்காரர் கோவத்துல போனை வச்சுட்டார். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் வந்தது மொத்தமே மூணு பேர். புரோக்கர் 71க்கு இறங்குங்க, முடிச்சு தர்றேன்னு சொல்றார். இவரோ மேல் மாடி ஃபிளாட் 78க்கு போச்சாம், மெட்ரோ வேற வருது, நாம ஏன் இறங்கணும்னு கேக்கறார். வாடகைக்கு விட்டா 18,000 வரும். இறங்கணுமா, காத்திருக்கணுமா, வாடகைக்கு விடணுமா?

பதில்: வணக்கம்மா. என்னை கேட்டா இறங்குங்க, இந்த மாசமே இறங்குங்க, ஒரே தடவையா இறங்குங்க. ஆனா நான் சொல்றேன்னோ புரோக்கர் சொல்றார்னோ இறங்காதீங்க, கீழ இருக்கிற கணக்கை சாரையும் பக்கத்துல உக்கார வச்சு ஒரு பேப்பர்ல நீங்களே போட்டு பாருங்க.

பூட்டி கிடக்கிற வீடு சும்மா இருக்குன்னுதான் நமக்கு தோணும், ஆனா அது மாசா மாசம் காசு தின்னுட்டு இருக்கு. 22 லட்சம் லோனுக்கு 8.75 சதவீதம்னா வட்டி மட்டும் மாசம் சுமார் 16,000. மெயின்டனன்ஸ், சொத்து வரி, தண்ணி வரி, மினிமம் கரண்ட் பில் எல்லாம் சேர்த்து ஒரு 4,000னு வைங்க. 71க்கு வித்து லோனை அடைச்சிருந்தா கையில 49 லட்சம் இருந்திருக்கும், அதை ஆறரை சதவீதம் வட்டியில போட்டிருந்தா மாசம் 26,500 வந்திருக்கும், அதுவும் வராம போகுது. எல்லாம் கூட்டினா மாசம் 46,500. ஒரு நாளைக்கு 1,500 ரூபாய்க்கு மேல. டெபாசிட் வட்டிக்கு வரி இருக்கு, அதை கழிச்சா கொஞ்சம் குறையும், ஆனாலும் கதை மாறாது.

இப்ப அந்த 68 லட்சம் கேட்ட ஆளை நினைச்சு பாருங்க. அவர் கேட்டு ஆறு மாசம் ஆச்சு, ஆறு மாசத்துக்கு 2.79 லட்சம் போயிடுச்சு, அதனால இன்னிக்கு நீங்க 71க்கு வித்தாலும் அது அன்னிக்கு 68.2க்கு வித்ததுக்கு சமம். சாரை குத்திக்காட்ட இதை சொல்லலைம்மா, 12 வருஷம் குடியிருந்த வீட்டை ஒருத்தர் பத்து லட்சம் குறைச்சு கேட்டா யாருக்கா இருந்தாலும் மனசு வலிக்கும்தான். ஆனா அடுத்த ஆறு மாசமும் அப்படியே போயிடக் கூடாதே. 78க்கும் 71க்கும் நடுவுல 7 லட்சம், அதை 46,500ஆல வகுத்தா 15 மாசம். அதாவது இன்னும் 15 மாசம் கழிச்சு ஒருத்தர் வந்து முழுசா 78 கொடுத்தாலும் இன்னிக்கு 71க்கு கொடுத்ததை விட உங்களுக்கு ஒரு பைசா லாபம் கிடையாது. அப்படி ஒருத்தர் வருவார்னு எந்த உத்தரவாதமும் இல்லை, அந்த 15 மாசத்துல கட்டடத்துக்கு இன்னும் ஒரு வயசு கூடியிருக்கும்.

மேல் மாடி 78க்கு போச்சுங்கிற பேச்சை காதால கேட்டதோட விடாதீங்க. தமிழ்நாடு பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் சைட்ல வில்லங்கம் இலவசமா பார்க்கலாம், உங்க காம்ப்ளெக்ஸோட சர்வே நம்பரை போட்டு கடைசி ரெண்டு வருஷத்துக்கு தேடினா எந்த ஃபிளாட் எப்ப கை மாறுச்சு, பத்திரத்துல எவ்வளவு போட்டிருக்காங்கன்னு வரும். பத்திரத்துல குறைச்சு போடறவங்க உண்டு, அதனால அதுதான் நிஜ விலைன்னு சத்தியம் பண்ண முடியாது, ஆனா லிஃப்ட்ல கேட்ட விலையை விட நம்பலாம். கூடவே அந்த ஃபிளாட்டுக்கு கார் பார்க்கிங் கவர்டா, உள்ள மாடுலர் கிச்சன், ஏசி எல்லாம் விட்டுட்டு போனாங்களான்னும் விசாரிங்க, 78ல பாதி கதை அங்க இருக்கும்.

மெட்ரோ விஷயம் உண்மைதான், ரெண்டாம் கட்டத்துல மாதவரம் டு சோழிங்கநல்லூர் லைன் மேடவாக்கம் வழியாத்தான் போகுது. ஆனா மெட்ரோ வருதுன்னு வாங்க வர்றவங்களுக்கும் தெரியும், வேலை பல வருஷமா கண்ணு முன்னாடி நடக்குது, இன்னிக்கு சொல்ற விலையிலயே அது பாதி சேர்ந்தாச்சு. அதோட ஏறுறது மண்ணோட விலை, உங்க கையில இருக்கிற மண்ணு 450 சதுர அடி யூடிஎஸ், அதுக்கு மேல நிக்கிற கட்டடம் வருஷா வருஷம் இறங்கிட்டேதான் இருக்கும்.

அடுத்து வாங்கறவர் பக்கம் போய் நின்னு பாருங்க, விக்கறவங்க இதை செய்யறதே இல்லை. அவர் கிட்ட முழு பணமும் இருக்காது, பேங்க் லோன்லதான் வருவார். 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்கும் உள்ள வீட்டு லோன்னா வீட்டு மதிப்புல 80 சதவீதம் வரைக்கும்தான் கொடுக்கலாம்னு ரிசர்வ் பேங்க் விதி. அந்த மதிப்பு நீங்க சொல்ற விலை கிடையாது, பேங்க் அனுப்பற வேல்யூவர் எழுதற விலை. அவர் 70னு எழுதிட்டார்னு வைங்க, லோன் 56 லட்சம். நீங்க 78 கேட்டா மீதி 22 அவர் கையிலேர்ந்து, அதுக்கு மேல பத்திரச் செலவு 7 சதவீதம் முத்திரை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம்னு 9 சதவீதம், அது 7 லட்சம். ஆக 29 லட்சம் ரொக்கமா வச்சிருக்கணும். 71னா 15 லட்சமும் பத்திரத்துக்கு 6.4 லட்சமும், 21.4 போதும். விலையில வித்தியாசம் 7 லட்சம்தான், ஆனா அவர் கையிலேர்ந்து போறதுல ஏழரை லட்சத்துக்கு மேல வித்தியாசம் வருது. வீடு பிடிச்சிருக்கு, யோசிச்சு சொல்றோம்னு போய் திரும்ப போனே பண்ணாதவங்கள்ல பாதி பேர் இந்த இடத்துலதான் நின்னிருப்பாங்க, வாய் விட்டு சொல்ல மாட்டாங்க.

இன்னொண்ணு, 2023 டிசம்பர்லேர்ந்து பில்டர்கிட்ட புதுசா வாங்கற ஃபிளாட்டுக்கு மொத்தமா ஒரே பத்திரமா பதியணும்னு கொண்டு வந்தப்ப 50 லட்சத்துக்கு மேல 3 கோடி வரைக்கும் 5 சதவீதம் முத்திரை, 2 சதவீதம் பதிவு, மொத்தம் 7தான்னு வச்சாங்க. உங்களது ரீசேல், 9 சதவீதம். கட்டிட்டு இருக்கிற ஃபிளாட்டுக்கு ஜிஎஸ்டி வரும், சரி, ஆனா கம்ப்ளீஷன் சர்டிபிகேட் வாங்கி ரெடியா நிக்கிற புது ஃபிளாட்டுக்கு அதுவும் கிடையாது. பெரும்பாக்கம், வேங்கைவாசல் பக்கம் அப்படி நிக்கிற புது கட்டடங்களோடதான் உங்க 12 வருஷ ஃபிளாட் போட்டி போடுது.

விலைதான் பிரச்சனையா, வீடு பிரச்சனையான்னு எப்படி தெரியும்னா, வர்றவங்க எண்ணிக்கையை பாருங்க. நிறைய பேர் வந்தும் யாருமே விலை பேசலைன்னா வீட்டுலயோ டாக்குமெண்ட்லயோ ஏதோ உறுத்துது. ஆளே வரலைன்னா அது விலை. உங்களுக்கு ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்னு நினைக்கிறேன். 14 பேர் வந்து ஒரே ஒருத்தர்தான் விலை பேசியிருக்கார், அதை லேசா விடாதீங்க. போன வருஷம் நங்கநல்லூர்ல ஒருத்தருக்காக இதே மாதிரி பூட்டி கிடந்த வீட்டை பார்க்க போயிருந்தேன். கதவை தொறந்ததும் ஒரு அடைசல் வாடை, ஹால்ல ரெண்டு வருஷத்துக்கு முந்தின தினசரி காலண்டர் தொங்குது, பார்க்க வந்த அம்மா நேரா கிச்சனுக்கு போய் பைப்பை திருப்பினாங்க, செம்மண் கலர்ல தண்ணி கொட்டுச்சு, பெட்ரூம் சுவத்துல பாத்ரூம் ஓதம் இடுப்பு உயரத்துக்கு பொரிஞ்சு நின்னுச்சு. ஓதத்தை கையால தொட்டு பார்த்துட்டு அவங்க வீட்டுக்காரரை பார்த்தாங்க, அவ்வளவுதான், ரெண்டு நிமிஷத்துல இறங்கிட்டாங்க. சரி பண்ண 40,000 ஆகியிருக்கும், பார்க்கறவங்க மனசுல அது 4 லட்சம். உங்க சாவி வாட்ச்மேன்கிட்டதானே இருக்கும், ஒரு தடவை நேர்ல போய் ஒரு வாரம் தங்குங்க, ஓதம், ஒழுகல் இருந்தா சரி பண்ணுங்க, ஒரு கோட் வெள்ளை அடிங்க.

டாக்குமெண்ட்டும் அதே சமயம் எடுத்து வைங்க. தாய் பத்திரம், சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அப்ரூவல் ப்ளான், கம்ப்ளீஷன் சர்டிபிகேட், 30 வருஷ வில்லங்கம், சொத்து வரி ரசீது. கட்டடத்துல ப்ளானுக்கு மீறி ஏதாவது கட்டியிருந்தா சில பேங்க் லோனே தராது, அந்த மாதிரி சிக்கல் இருந்தா அஞ்சு லட்சம் குறைச்சாலும் விக்காது, அப்ப குறைக்கறது வீண். முதல்ல ஒரு பேங்க் பேனல் வக்கீல்கிட்ட காட்டி லீகல் ஒப்பீனியன் வாங்கிடுங்க, வர்றவங்க கையில அதோட ஜெராக்ஸை கொடுத்தாலே பாதி தயக்கம் போயிடும்.

வரியை பத்தி நீங்க கேக்கலை, ஆனா விலையை முடிவு பண்ண அது வேணும். 2024 ஜூலை 23லேர்ந்து சொத்து வித்து வர்ற நீண்டகால லாபத்துக்கு இண்டெக்சேஷன் (விலைவாசி ஏறினதுக்கு தகுந்தபடி வாங்கின விலையை கூட்டி கணக்கு போடறது) இல்லாம 12.5 சதவீதம் வரின்னு மாத்தினாங்க, அதை வச்சு யாராவது உங்களுக்கு 3 லட்சம் வரி வரும்னு பயமுறுத்தியிருப்பாங்க. அந்த தேதிக்கு முன்னாடி வாங்கின வீட்டுக்கு, இந்தியாவுல வசிக்கிற தனிநபர்னா பழையபடி இண்டெக்சேஷன் போட்டு 20 சதவீதம் கணக்கு பார்த்து எது கம்மியோ அதை கட்டலாம். 2013-14 இண்டெக்ஸ் 220, 2025-26க்கு 376, உங்க 46 லட்சம் 78.6 லட்சமா ஆயிடுது. 71க்கு வித்தாலும் சரி 78க்கு வித்தாலும் சரி லாபமே இல்லை, வரி பூஜ்யம். அந்த காலத்துல யூடிஎஸ்க்கு தனி பத்திரம், கட்டுமானத்துக்கு தனி அக்ரிமெண்ட்னு போட்டிருப்பாங்க, ரெண்டையும் பில்டருக்கு பணம் கட்டின ரசீதையும் பத்திரமா வச்சுக்கோங்க, 46ஐ நிரூபிக்க அதுதான் சாட்சி. வாங்கறவர் 50 லட்சத்துக்கு மேலங்கறதால 1 சதவீதம், அதாவது 71,000 டிடிஎஸ்னு வரியை முன்கூட்டியே பிடிச்சு கவர்மெண்ட்டுக்கு கட்டுவார், ரிட்டர்ன் போட்டு அதை திரும்ப வாங்கிடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை, கைடுலைன் மதிப்பு (பதிவுக்கு அரசாங்கம் வச்சிருக்கிற மதிப்பு) நீங்க விக்கிற விலையை விட 10 சதவீதத்துக்கு மேல கூடுதலா இருந்தா வருமான வரி கைடுலைன் மதிப்பைத்தான் விற்பனை விலையா எடுத்துக்கும், அதனால அதையும் ஒரு தடவை பார்த்துடுங்க.

யாராவது 74க்கே எடுத்துக்கறேன், பத்திரத்துல 55 போட்டு மீதி கேஷ்னு வந்தா தயவு செஞ்சு ஒத்துக்காதீங்கம்மா. வீடு விக்கிற விஷயத்துல 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாது, வாங்கினா வாங்கின தொகை அளவுக்கே அபராதம். உங்களுக்கு வரியே இல்லாதப்ப கருப்புல வாங்கி என்ன பிரயோஜனம், அந்த லாபம் முழுக்க அவருக்கு, ஆபத்து உங்களுக்கு.

வாடகை வேண்டாம்னு சொல்றேன். 18,000னா வருஷத்துக்கு 2.16 லட்சம், 71 லட்சத்துக்கு அது 3 சதவீதம், நீங்க கட்டறது 8.75. குடியிருக்க வாங்கறவங்க காலியான வீட்டைத்தான் கேப்பாங்க, ஆள் இருந்தா அதுக்கும் ஒரு லட்சம் ரெண்டு லட்சம் குறைப்பாங்க. ரெண்டு மூணு வருஷம் விக்கவே போறதில்லைன்னு முடிவு பண்ணா வேற கணக்கு.

எப்படி இறங்கறதுன்னா, 77, 76னு மாசம் ஒரு லட்சமா இறங்காதீங்க, இன்னும் இறங்குவாங்கன்னு வெயிட் பண்ணுவாங்க. சைட்ல தேடறவங்க 75க்கு கீழன்னு ஃபில்டர் போட்டு தேடுவாங்க, உங்க 78 அவங்க கண்ணுலயே படாது. 73னு போடுங்க, பழைய விளம்பரத்தை எடுத்துட்டு புது போட்டோவோட புதுசா போடுங்க. பேரம் பேசாம நம்ம ஊர்ல யாரும் முடிக்க மாட்டாங்க, அதுக்கு ரெண்டு லட்சம், 71க்கு முடிக்கலாம். 70க்கு கீழ இல்லைன்னு நீங்களும் சாரும் உங்களுக்குள்ள முடிவு பண்ணிக்கோங்க, புரோக்கர்கிட்ட மட்டும் அந்த 70ஐ சொல்லாதீங்க. அவர் கமிஷன்ல 7 லட்சம் குறையறது 1 சதவீதம்னா 7,000 ரூபாய் விஷயம், சீக்கிரம் முடிஞ்சா அவருக்கு போதும். ஆடி, மார்கழி போகட்டும்னும் காத்திருக்க வேண்டாம், அந்த மாசங்கள்ல பத்திரம் பதிய மாட்டாங்களே தவிர வீடு பார்ப்பாங்க, விலை பேசுவாங்க.

73 போட்டு ஆறு வாரத்துல பத்து பேராவது வந்து பார்த்து ரெண்டு பேராவது விலை பேசணும். வரலைன்னா எனக்கு எழுதுங்க, வந்தவங்க ஒவ்வொருத்தரும் என்ன சொல்லிட்டு போனாங்கன்னு வாட்ச்மேனை ஒரு நோட்டுல எழுதி வைக்க சொல்லி அதையும் அனுப்புங்க. அந்த 68 லட்சக்காரர் நம்பர் இன்னும் போன்ல இருந்தா சார் பேச வேண்டாம், நீங்களே ஒரு தடவை கூப்பிட்டு வீடு வாங்கிட்டீங்களான்னு மட்டும் கேட்டு பாருங்க.