மலையையே தூக்குகிறவனை எதைக் காட்டி மிரட்டுவது?

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நண்பன் படம் வரைய, நான் கதை எழுத, ஒரு தமிழ் காமிக்ஸ் செய்துகொண்டிருக்கிறோம். ஹீரோ பெயர் மலையன், ஏற்காட்டில் காபி எஸ்டேட் தொழிலாளி ஒருவரின் மகன். பறப்பான், சுவரைத் தாண்டிப் பார்ப்பான், எந்தக் குண்டும் துளைக்காது, கொண்டை ஊசி வளைவில் உருண்ட பஸ்ஸை ஒற்றைக் கையால் தூக்கி நிறுத்துவான், ஏற்காட்டிலிருந்து மேட்டூர் அணைக்கு நான்கு நொடியில் போய்விடுவான். ஆனால் எந்த வில்லனைக் கொண்டுவந்தாலும் இரண்டு பக்கத்தில் கதை முடிந்துவிடுகிறது. இரும்பு ரோபோ, ராட்சத மலைப்பாம்பு, வேற்றுக்கிரகவாசி எல்லாம் பார்த்தாயிற்று. “இவன் எத்தனை பக்கம்டா தாங்குவான்?” என்று ஹாஸ்டலில் பந்தயமே கட்டுகிறார்கள். மலையனின் சக்தியைக் குறைத்துவிடலாமா?
- அம்மாபேட்டை, சேலம்

பதில்: குறைக்க வேண்டாம் தம்பி. குறைத்துப் பார்த்தவர்கள் உங்களுக்கு முன்னாலேயே இருக்கிறார்கள். சூப்பர்மேன் 1938-ல் அறிமுகமானபோது அவருக்குப் பறக்கவே தெரியாது, எட்டில் ஒரு மைல், அதாவது சுமார் 200 மீட்டர் தாவுவார், அவ்வளவுதான். வெடிக்கிற பீரங்கிக் குண்டு என்றால் அவர் தோலையும் துளைத்துவிடும் என்று முதல் கதையிலேயே சொல்லிவிட்டார்கள். அப்புறம் வருஷத்துக்கு வருஷம் பலம் ஏறி, கிரகத்தையே நகர்த்துகிற நிலைமைக்கு வந்ததும் எதிரிகளுக்குக் கையில் ஆயுதமே இல்லாமல் போனது. அதற்குக் கைகொடுத்தது கிரிப்டோனைட், அவர் பிறந்த கிரகத்தின் கல், பக்கத்தில் வந்தாலே அவர் பலம் போய்விடும். 1943-ல் வானொலித் தொடரில் வந்தது, 1949-ல் காமிக்ஸுக்குள் நுழைந்தது, பிறகு கண்டவன் பையில் எல்லாம் அந்தப் பச்சைக் கல் கிடைக்க ஆரம்பித்தது. சலித்துப்போய் 1971-ல் ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸும் கதாசிரியர் டென்னி ஓ'நீலும் பூமியிலிருந்த கிரிப்டோனைட் மொத்தத்தையும் வெறும் இரும்பாக மாற்றி, கூடவே சூப்பர்மேனின் பலத்தையும் குறைத்தார்கள். ரொம்ப நாள் தாங்கவில்லை, பலமும் திரும்பியது, கல்லும் திரும்பியது. 1986-ல் ஜான் பைர்ன் மறுபடியும் குறைத்துப் பார்த்தார். அதுவும் மெதுவாக ஏறிவிட்டது. ஏறத்தான் செய்யும், வாசகன் காசு கொடுத்து வருவதே அந்தப் பலத்தைப் பார்க்கத்தானே.

வில்லனைப் பெரிசாக்குவதுதான் நீங்கள் பிடித்திருக்கிற வழி. அதிலும் ஒரு பெரிய வெற்றி உண்டு. 1992-ல் டூம்ஸ்டே என்ற முரட்டு ஜந்து வந்து சூப்பர்மேனை அடித்தே கொன்றது, தானும் செத்தது. உலகமே பேசியது. ஆனால் அந்த வெடி ஒரு தடவைதான் வெடிக்கும். சூப்பர்மேன் உயிரோடு திரும்பி வந்த பிறகு அதே ஜந்து எத்தனை முறை எழுந்து வந்தாலும் நமக்குப் பழைய நடுக்கம் வருவதில்லை.

இப்போது லெக்ஸ் லூதரைப் பாருங்கள். 1940-ல் வந்த ஆள். ஒரே குத்துக்குத் தாங்கமாட்டான், பறக்கமாட்டான், தலையில் முடிகூடக் கிடையாது. இன்றைக்கும் சூப்பர்மேனின் முதன்மை எதிரி யார் என்றால் அவன் பெயரைத்தான் சொல்கிறோம். 1986-ல் கதையைப் புதுப்பித்தபோது பைத்தியக்கார விஞ்ஞானியாக இருந்தவனைப் பெரும் பணக்காரத் தொழிலதிபர் ஆக்கினார்களே, அங்கேதான் அவனுக்கு உண்மையான பலம் வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அவன்தான் சம்பளம் கொடுக்கிறான். கையெழுத்துப் போடுகிறவன் அவன், குற்றம் செய்கிறவன் வேறு யாரோ. 2000-ல் கதைக்குள் தேர்தலில் நின்று அமெரிக்க ஜனாதிபதியாகவே ஆகிவிட்டான். மக்கள் ஓட்டுப் போட்டு உட்கார வைத்தவனை சூப்பர்மேன் எந்தக் கையால் அடிப்பார்?

உங்கள் கடிதத்தைத் திரும்பப் படியுங்கள். மலையனால் என்னென்ன முடியும் என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். அவன் எதற்கு ஆசைப்படுகிறான், எதைச் செய்யவே மாட்டான், யாருக்குப் பயப்படுகிறான் என்று ஒரு வார்த்தை இல்லை. வில்லன் நுழைய வேண்டிய கதவு அதுதான், அதை நீங்கள் வைக்கவே இல்லை. அதனால்தான் ஒவ்வொருவனும் சுவரில் வந்து முட்டிக்கொண்டு சாகிறான்.

ஆனால் ஒரு வரி போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், அப்பா எஸ்டேட் தொழிலாளி என்று. அது போதும். எஸ்டேட் தொழிலாளி என்றால் குடியிருப்பது லயன் வீடு, தொழிலாளர்களுக்காக வரிசையாக ஒட்டிக் கட்டியது, வீடு எஸ்டேட்டுடையது. இப்போது அந்த எஸ்டேட்டை ஒருவர் வாங்குகிறார். ஐம்பத்தைந்து வயசு, சர்க்கரை வியாதி, படி ஏறினால் மூச்சு வாங்கும். சேலத்தில் வெள்ளைக்கல் வெட்டிச் சம்பாதித்தவர். மலையைக் குடைந்து கல் எடுக்கப் போகிறார், அதற்கு முதலில் லயன் காலியாக வேண்டும். கத்தி இல்லை, குண்டு இல்லை, ஒரு நோட்டீஸ்தான் வருகிறது, ஒரு மாதத்துக்குள் காலி செய்யச் சொல்லி. மலையன் என்ன செய்வான்? வீட்டையே பெயர்த்துத் தூக்கிக்கொண்டு பறக்கலாம், நண்பன் அருமையாக வரைவான். எங்கே இறக்கி வைப்பான்? கீழே தெரிகிற நிலம் எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் பட்டா வைத்திருக்கிறாரே. சரி, கோபத்தில் குவாரி மிஷினை உடைக்கிறான் என்று வையுங்கள். மறுநாள் காலையில் கூலி போன ஆட்கள் அவன் அப்பா வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள், முதலாளி வீட்டு வாசலில் இல்லை. அந்தக் கூட்டத்தில் மலையனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன் ஒருவனை நிறுத்துங்கள், ஒன்றும் பேசவிடாதீர்கள், பார்க்க மட்டும் வையுங்கள்.

இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டுமானால், அந்த முதலாளி லயனுக்கு நேரில் வருகிறார். அப்பா தருகிற கடுங்காபியைக் குடிக்கிறார், சர்க்கரை வேண்டாம் என்கிறார், தங்கச்சி கல்யாணத்துக்குக் கடன் வேண்டுமா என்று பரிவாக விசாரிக்கிறார், எழுந்து போகும்போது “உங்க பையன் எவ்வளவு மழை பெய்தாலும் நனையறதே இல்லையாமே?” என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார். அவ்வளவுதான், அந்தப் பக்கம் முடிந்தது. உங்கள் ரோபோ இருபது கட்டிடத்தை இடித்தாலும் இந்தக் கேள்விக்கு ஈடாகாது.

இரண்டு ஊரில் ஒரே நேரத்தில் குண்டு வைக்கிற பழைய உத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு வராதீர்கள். நான்கு நொடியில் மேட்டூர் போகிறவனுக்கு அது வேலையே இல்லை. அவனிடம் இருந்து நேரத்தைப் பறிக்க முடியாது, தகவலைப் பறிக்கலாம். எதிலும் ஊடுருவிப் பார்க்கும் சூப்பர்மேனின் பார்வை ஈயத்தை மட்டும் தாண்டாது. ஆளைக் கொல்லாத சின்னக் குறைதான், ஆனால் ஈயப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவர் நிற்கிற காட்சி ஒவ்வொன்றும் கதாசிரியருக்கு லாபம். மலையனுக்கும் அப்படி ஒன்று வையுங்கள், கல்லைத் தேடி வேற்றுக்கிரகத்துக்குப் போக வேண்டாம். ஏற்காட்டில் மூடுபனிக்கா பஞ்சம்? சுவரைத் தாண்டிப் பார்க்கிறவனுக்குப் பனிக்குள் மட்டும் கண் தெரியாது என்று வைத்துவிட்டால், ஒவ்வொரு குளிர்காலமும் வில்லனுடையது. இருபது வளைவிலும் பனி இறங்குகிற ராத்திரியில் லாரிகள் விளக்கை அணைத்துவிட்டு எதையோ ஏற்றிக்கொண்டு போகின்றன, சத்தம் கேட்கிறது, என்னவென்று தெரியவில்லை.

கடைசியாக ஒன்று, இதைத்தான் நிறையப் பேர் செய்யத் தயங்குகிறார்கள். வில்லன் ஜெயிக்க வேண்டும். முழுசாக இல்லை, கதையின் நடுவில் எதையாவது ஒன்றை நிஜமாகவே பறித்துக்கொள்ள வேண்டும், கடைசிப் பக்கத்தில் மலையன் அவனைப் பிடித்த பிறகும் அது திரும்பி வரக்கூடாது. லயன் போனால் போனதுதான். அடுத்த இதழில் அந்த முதலாளியின் கார் தூரத்தில் வந்தாலே ஹாஸ்டலில் பந்தயம் வேறு மாதிரி இருக்கும். வேண்டுமானால் அந்த மலைப்பாம்பை வைத்துக்கொள்ளுங்கள், நண்பன் ஆசையாக வரைந்திருப்பான்.

கேள்வி: முத்து காமிக்ஸ் தொடங்கிய 1972-லிருந்து வாசகன் நான். அன்று இரும்புக்கை மாயாவி படிக்கும்போது இருந்த படபடப்பு இன்றைய பறக்கும் ஹீரோக்களிடம் வரவில்லை. வயசானதால்தானா?
- ஏற்காடு

பதில்: கொஞ்சம் வயசும்தான் ஐயா. ஆனால் மாயாவியின் கட்டமைப்பிலேயே ஒரு சாமர்த்தியம் உண்டு. மின்சாரம் பாய்ந்தால்தான் உடம்பு மறையும், மறைந்தாலும் அந்த இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும், கொஞ்ச நேரத்தில் உடம்பும் வெளிப்பட்டுவிடும். சக்தி எங்கிருந்து வருகிறதோ பலவீனமும் அங்கேயே இருக்கிறது. அதனால் வில்லன் பெரிய ஆளாக இருக்கவே வேண்டியதில்லை, வாசலில் தூங்கி வழிகிற காவல்காரன் சட்டென்று கண் விழித்துக் கையைப் பார்த்துவிட்டாலே நமக்கு நெஞ்சு அடைக்கும். உங்களுக்குப் பிடிக்கக்கூடிய இன்னொரு விஷயம். லயன் காமிக்ஸில் நாம் படித்த ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் இல்லை, இவன் வேறு) கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல், ஓவியர் ஜோ ஷூஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கினவரேதான். 1960-களில் பிரிட்டிஷ் வார இதழுக்காக எழுதினார். குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாகக் கிளம்பி, பிறகு குற்றவாளிகளையே வேட்டையாடப் போன ஆள் ஸ்பைடர். அவனுக்குப் பச்சைக் கல் எல்லாம் தேவைப்படவில்லை, தலைக்கனம் ஒன்றே போதும், எதிரி அதைத் தூண்டிவிட்டால் தானாக வந்து மாட்டுவான்.

கேள்வி: தினமும் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் பழைய நுழைவு வளைவைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். அங்கே எடுத்த படங்களில் உங்களுக்குப் பிடித்த வில்லன் யார்?
- கன்னங்குறிச்சி

பதில்: 1950-ல் வந்த மந்திரி குமாரியின் பார்த்திபன், எஸ்.ஏ. நடராஜன் நடித்தது. எதிரில் தளபதியாக எம்.ஜி.ஆர், கத்திச் சண்டையில் யாரும் கிட்டே நெருங்க முடியாது. பார்த்திபனோ பகலில் ராஜகுருவின் பிள்ளை, ராத்திரியில் கொள்ளைக்காரன். அப்பா ராஜகுரு யார் தெரியுமல்லவா, நம்பியார். அரண்மனைக்குள் அவ்வளவு செல்வாக்கு உள்ளவனை வாளால் என்ன செய்வது? திருடனைப் பிடித்துக்கொண்டு வந்த தளபதிதான் நாட்டைவிட்டுப் போக வேண்டி வருகிறது. கடைசியில் அவனை மலை உச்சியிலிருந்து தள்ளுவதும் ஹீரோ இல்லை, அவனைத் திருத்திவிடலாம் என்று நம்பிக் கட்டிக்கொண்ட மனைவி. முதல் கேள்வி கேட்ட தம்பியும் இந்தப் படத்தை ஒருமுறை பார்த்துவிடலாம்.

கேள்வி: சிரிப்பு வில்லனை வைத்து மிரட்ட முடியுமா சார்?
- வாழப்பாடி

பதில்: தாராளமாக. 1944-லிருந்து சூப்பர்மேனைப் படுத்தி எடுக்கிற ஒரு குள்ளன் உண்டு, மிக்ஸியஸ்பிட்லிக் என்று பெயர், சொல்லிப் பார்ப்பதற்குள் நாக்கு சுளுக்கும். நினைத்ததை எல்லாம் நடத்திக் காட்டுகிற மாயக்காரன், அடித்துத் துரத்தவே முடியாது. தன் பெயரைப் பின்னாலிருந்து முன்னால் அவனே சொல்லிவிட்டால் மட்டும் சொந்த உலகத்துக்குப் போய்விடுவான். ஆக, சூப்பர்மேன் அவனிடம் பேச்சுக் கொடுத்துத்தான் ஏமாற்ற வேண்டும், இவ்வளவு பலம் இருந்தும் ஒன்றுக்கும் உதவாது. படிக்கச் சிரிப்பாக இருக்கும், மாட்டிக்கொண்ட ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: கடைசியில் வில்லனைக் கொன்றே ஆக வேண்டுமா?
- ஆத்தூர்

பதில்: அவசரப்படாதீர்கள். 1940-ல் பேட்மேனின் எதிரி ஜோக்கர் அறிமுகமான முதல் இதழிலேயே அவனைக் கொன்றுவிடுவதாகத்தான் இருந்தது, கத்தி நெஞ்சில் இறங்கியும் ஆயிற்று. ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் தடுத்து, ஆள் பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொல்கிற மாதிரி ஒரு கட்டத்தைக் கடைசி நேரத்தில் சேர்க்க வைத்தார்.